காலி ஸ்டேடியத்தைப் பார்க்க டிக்கெட் எதற்கு?

வாசகர் கேள்வி – பதில்

வெளிநாடு போகிறவர்கள் பழைய ஒலிம்பிக் மைதானம் ஒன்றையாவது பயணத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று போன இதழில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அதற்கு இத்தனை கேள்விகள் வரும் என்று நினைக்கவில்லை. பாதிப் பேர் ‘எங்கே போவது’ என்கிறார்கள், பாதிப் பேர் ‘எதற்குப் போவது’ என்கிறார்கள். இரண்டாவது கோஷ்டியிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

கேள்வி: போட்டி முடிந்து எத்தனையோ வருஷம் ஆன இடத்தில் காலி நாற்காலிகளைத் தவிர என்ன இருக்கும்? அதற்கு ஒரு டிக்கெட், ஒரு கைடு வேறா?

பதில்: நானும் முதல்முறை இப்படிப் புலம்பியவன்தான். ஒரு பெரிய நகரம், பெயர் வேண்டாம். காலையிலேயே கிளம்பி இரண்டு ரயில் மாறிப் போய் நின்றால் கேட் பூட்டிக் கிடக்கிறது. அன்று இரவு ஏதோ பாட்டுக் கச்சேரியாம், மேடை கட்டுகிறார்கள், யாரையும் விடமாட்டோம் என்று சொல்லிவிட்டார் காவலாளி. கம்பி இடுக்கில் ஒரு துண்டு புல்தரை தெரிந்தது. அதைப் போட்டோ எடுத்துக்கொண்டு வந்ததுதான் மிச்சம். அடுத்த ஊரில் உள்ளேயே விட்டார்கள், ஆனால் எனக்கு அந்த இடத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது, பத்து நிமிஷத்தில் கொட்டாவி வந்துவிட்டது. தப்பு மைதானத்தின் மேல் இல்லை. அங்கே நடந்த ஒரே ஒரு சம்பவத்தையாவது தெரிந்துகொண்டு போயிருக்க வேண்டும்.

பெர்லினையே எடுத்துக்கொள்ளுங்கள். 1936-ல் ஹிட்லர் காலத்தில் கட்டி முடித்த ஸ்டேடியம் அது. வெளியிலிருந்து பார்த்தால் அவ்வளவு உயரமாகத் தெரியாது, ஏனென்றால் பாதி மைதானம் தரைக்குக் கீழே இறங்கியிருக்கிறது. உள்ளே மாரத்தான் வாசல் என்று ஒரு திறப்பு இருக்கிறது. அதன் சுவரில் அந்த ஒலிம்பிக்கில் வென்றவர்களின் பெயர்களைக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். எல்லோரும் ஜெஸ்ஸி ஓவன்ஸ் பெயரைத் தேடுவார்கள், நான்கு தங்கம் வாங்கியவர், தேட வேண்டியதுதான். நீங்கள் மாரத்தான் வரியையும் தேடுங்கள். ‘சோன், ஜப்பான்’ என்று இருக்கும். அந்த சோன் கீ-சுங் ஜப்பானியர் இல்லை, கொரியர். அப்போது கொரியா ஜப்பான் ஆட்சியில் இருந்ததால் ஜப்பான் சட்டை போட்டுக்கொண்டு ஓட வேண்டியதாயிற்று. பரிசளிப்பு மேடையில் தலையைக் குனிந்துகொண்டு, கொடுத்த மரக்கன்றை வைத்துச் சட்டையில் இருந்த கொடியை மறைத்தபடி நின்றார். 1970-ல் தென்கொரிய நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவர் அங்கே போய், கல்லில் இருந்த ஜப்பானைச் சுரண்டி எடுத்துவிட்டுக் கொரியா என்று செதுக்கியே விட்டார். அப்புறம் நிர்வாகம் பழையபடி மாற்றிவிட்டது. 1988-ல் சியோலில் ஒலிம்பிக் நடந்தபோது ஜோதியை ஏந்திக்கொண்டு ஸ்டேடியத்துக்குள் ஓடிவந்தவர் இதே சோன்தான், இந்த முறை சொந்த நாட்டுச் சட்டையில். இவ்வளவும் மனதில் வைத்துக்கொண்டு அந்தக் கல் முன்னால் போய் நில்லுங்கள், டிக்கெட் காசு வீண் என்று தோன்றுகிறதா பார்ப்போம்.

கேள்வி: முதல்முறை போகிறேன். ஒரே ஒரு இடம் சொல்லுங்கள், நாலைந்து சொல்லிக் குழப்ப வேண்டாம்.

பதில்: மியூனிக். சுரங்க ரயிலிலிருந்து இறங்கி நடந்தால் ஸ்டேடியம், உள்ளரங்கம், நீச்சல் குளம் மூன்றும் பக்கத்தில் பக்கத்தில் ஒரே பூங்காவில் இருக்கின்றன. பூங்காவுக்குள் நுழைய டிக்கெட் கிடையாது. 1972 போட்டிக்காகக் கட்டியது. பெர்லினின் கல் கட்டடம் உண்டாக்கிய கெட்ட ஞாபகத்தைத் துடைக்க வேண்டும் என்பதால், கனமாக எதுவுமே தெரியக்கூடாது என்று யோசித்துக் கட்டினார்கள். குந்தர் பெனிஷும் ஃப்ரை ஓட்டோவும் சேர்ந்து வடிவமைத்த அந்தக் கூரை, கம்பங்களில் கம்பிவலையைக் கட்டித் தொங்கவிட்டுக் கண்ணாடி மாதிரியான அக்ரிலிக் பலகை போர்த்திய கூடாரம். இடுப்பில் கயிறு மாட்டி அதன் மேலேயே நடத்திக் கூட்டிப்போகும் சுற்றுலா ஒன்று உண்டு, தலை சுற்றாதவர்கள் போகலாம். பராமரிப்பு என்று சில பகுதிகளை மூடிவைப்பதும் நடக்கும், கிளம்புமுன் அவர்கள் தளத்தில் பார்த்துவிடுங்கள்.

பூங்காவில் ஒரு குன்று இருக்கிறது. ஏறிப் பார்த்தால் ஊரே தெரியும், எல்லோரும் புல்லில் படுத்துக் கிடப்பார்கள். அது இயற்கையான குன்று இல்லை, இரண்டாம் உலகப் போரில் குண்டு விழுந்து இடிந்த வீடுகளின் செங்கல்லும் காரையும் கொட்டி உண்டான மேடு.

இன்னொன்றையும் சொல்லாமல் விடக்கூடாது. 1972 செப்டம்பரில் இஸ்ரேல் அணியினர் 11 பேரும் ஜெர்மன் போலீஸ்காரர் ஒருவரும் கொல்லப்பட்டது இந்த ஒலிம்பிக்கில்தான். பூங்காவில் 2017-ல் திறந்த நினைவிடம் இருக்கிறது, அரைமணி நேரம் ஒதுக்குங்கள். சம்பவம் தொடங்கிய கொனோலி தெருக் கட்டடம் விளையாட்டு வீரர்கள் தங்கிய குடியிருப்பில் இருக்கிறது, அங்கே இன்றைக்கும் குடித்தனங்கள் உண்டு. வாசலில் இருக்கும் நினைவுப் பலகையைப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுங்கள், ஜன்னல்களைப் போட்டோ எடுத்துக்கொண்டு நிற்காதீர்கள்.

கேள்வி: கிரீஸ் போகிறோம், கையில் ஒரு நாள்தான் மிச்சம் இருக்கிறது. ஏதென்ஸ் பளிங்கு ஸ்டேடியமா, ஒலிம்பியாவா?

பதில்: ஒரு நாள்தான் என்றால் ஏதென்ஸ், அதில் யோசிக்க ஒன்றுமில்லை. பழங்கால ஒலிம்பிக் நடந்த இடமான ஒலிம்பியா, ஏதென்ஸிலிருந்து ஏறக்குறைய 300 கிலோமீட்டர். ஒரே நாளில் போய்த் திரும்பினால் பஸ் ஜன்னல்தான் ஞாபகம் இருக்கும்.

ஏதென்ஸ் ஸ்டேடியம் முழுக்க வெள்ளைப் பளிங்கு. 1896-ல் முதல் நவீன ஒலிம்பிக் இங்கேதான் நடந்தது. டிக்கெட்டோடு காதில் மாட்டிக்கொள்ள ஒலி வழிகாட்டி தருகிறார்கள், ஓடுபாதையில் ஓடலாம், வெற்றி மேடையில் ஏறி நின்று கையைத் தூக்கலாம், யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். உள்ளே போனதும் பாதையின் வளைவைக் கவனியுங்கள். கொண்டை ஊசி மாதிரி அவ்வளவு குறுகல். 1896-ல் ஓடியவர்கள் அங்கே வேகத்தைக் குறைத்துத்தான் திரும்ப முடிந்தது. அதுவும் இப்போது போல இடப்பக்கமாக இல்லை, வலப்பக்கமாகச் சுற்றினார்கள். அந்த வளைவைக் கடந்தால், வீரர்கள் வந்த சுரங்க வழிக்குள் பழைய ஒலிம்பிக் தீப்பந்தங்களையும் போஸ்டர்களையும் வரிசையாக வைத்திருக்கிறார்கள். கோடையில் மத்தியானம் மட்டும் போகாதீர்கள், பளிங்கில் பட்டுத் தெறிக்கும் வெயிலில் கண் திறக்க முடியாது.

ஆனால் எனக்குப் பிடித்தது எது என்று கேட்டால் ஒலிம்பியாதான். இரண்டு நாள் கிடைத்தால் அங்கே ஓர் இரவு தங்குங்கள். அங்கே ஸ்டேடியம் என்பது நீளமான மண் தரை, இரண்டு பக்கமும் புல் மேடு, அவ்வளவுதான். நாற்காலி கிடையாது, படிக்கட்டு கிடையாது, ஜனங்கள் மண்ணில் உட்கார்ந்து பார்த்திருக்கிறார்கள். கல் வளைவு போட்ட ஒரு பாதை வழியாக உள்ளே நுழைந்ததும் தரையில் நீளமாகப் பதித்த கல்வரிசை ஒன்று தெரியும். ஓட்டம் தொடங்கும் கோடு. குனிந்து பாருங்கள், கல்லில் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு பள்ளக் கோடுகள் ஓடும், அவை கால்விரலை ஊன்றிக்கொள்ள. அந்தக் காலத்தில் குனிந்து கைகளை ஊன்றித் தொடங்கவில்லை, நின்றபடியே ஒரு பாதத்தைச் சற்று முன்னால் வைத்துப் பாய்ந்தார்கள். உங்கள் செருப்பைக் கழற்றிவிட்டு விரலை அந்தப் பள்ளத்தில் வைத்துப் பாருங்கள், அளவு சரியாக இருக்கும். கூட வந்தவர் போட்டோ எடுக்காமல் விட்டாலும் பரவாயில்லை.

அந்தப் பக்கம் இருக்கும் கல்வரிசை வரை 192 மீட்டர் சொச்சம். கிரேக்கர்கள் அந்தத் தூரத்துக்கு வைத்த பெயர் ஸ்டேடியோன். நாம் சொல்லும் ஸ்டேடியம் அதிலிருந்து வந்ததுதான். பழைய காலத்தில் கல்யாணமான பெண்கள் இங்கே போட்டியைப் பார்க்கவே தடை, டிமீட்டர் தெய்வத்தின் பூசாரிணி ஒருத்திக்கு மட்டும் விலக்கு. 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் குண்டு எறிதலை மட்டும் இங்கே கொண்டுவந்து நடத்தினார்கள், ஆண்களுக்கும் பெண்களுக்கும். அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்கு ஒரு சந்தோஷம்.

பக்கத்தில் ஹீரா கோயில் இடிபாட்டின் முன்னால்தான் ஒவ்வொரு ஒலிம்பிக்குக்கும் குழி ஆடியில் வெயிலைக் குவித்து ஜோதி ஏற்றுகிறார்கள். கைடு இதை ஏதோ மூவாயிர வருஷத்துப் பழக்கம் மாதிரிச் சொன்னால் தலையாட்டிவிட்டு விடுங்கள். ஜோதியை அங்கிருந்து ஓட்டமாக எடுத்துப் போவது 1936 பெர்லின் போட்டிக்காகத் தொடங்கியது.

கேள்வி: நீச்சல் எனக்கு உயிர். ஒலிம்பிக் நடந்த குளத்தில் சாதாரண ஆளை இறங்க விடுவார்களா?

பதில்: தாராளமாக. இந்தப் பயணங்களில் கொடுத்த காசுக்கு முழுசாகத் திருப்தி தருவது நீச்சல் குளம்தான். ஸ்டேடியத்தில் நீங்கள் பார்வையாளர், குளத்தில் அப்படி இல்லை. லண்டனில் ஸஹா ஹதீத் வடிவமைத்த 2012 குளம் இன்றைக்கு ஊர்க் குளம். பள்ளிக்கூடப் பிள்ளைகள் நீச்சல் வகுப்புக்கு வருகிறார்கள். போட்டி நடந்தபோது இரண்டு பக்கமும் இறக்கை மாதிரி தற்காலிக கேலரி கட்டி 17,500 பேர் உட்கார்ந்தார்கள், முடிந்ததும் அதைக் கழற்றிவிட்டார்கள், அதனால் டிவியில் பார்த்த ஞாபகத்தோடு போனால் வேறு கட்டடமோ என்று தோன்றும். மியூனிக்கில் மார்க் ஸ்பிட்ஸ் ஏழு தங்கம் வாங்கிய குளம், சிட்னியில் 2000 ஒலிம்பிக் குளம், எல்லாவற்றிலும் இறங்கலாம். பாரிஸில் யாரும் சொல்லாத ஒன்று: 1924-ல் ஜானி வைஸ்முல்லர் நீந்திய குளம் இப்போது ஜார்ஜ் வாலரே என்ற பெயரில் பேட்டைக் குளமாக இருக்கிறது. பிற்பாடு சினிமாவில் டார்ஜானாக நடித்தாரே, அவர்தான்.

பாரிஸ் குளங்களில் தலைக்குத் தொப்பி கட்டாயம், தொளதொள அரைக்கால் டவுசரை ஒத்துக்கொள்ள மாட்டார்கள், இறுக்கமான நீச்சலுடைதான். தெரியாமல் போய் வாசலிலேயே திரும்பிய ஆட்கள் நிறைய. கிளப் பயிற்சி நேரத்தில் பொதுமக்களுக்கு இடம் கிடைக்காது, முதல் நாளே நேர அட்டவணை பாருங்கள்.

கேள்வி: ஜோதி இன்னும் எரிகிறதா?

பதில்: நிறைவு விழாவோடு அணைத்துவிடுவார்கள். ஜோதி எரிந்த கொப்பரை மட்டும் பல ஊர்களில் இருக்கிறது. சிட்னியில் ஓட்டப்பந்தய வீராங்கனை கேத்தி ஃப்ரீமேன் ஏற்றிய கொப்பரையை ஸ்டேடியத்திலிருந்து இறக்கிப் பக்கத்துப் பூங்காவில் நிறுத்தி, அதிலிருந்து தண்ணீர் கொட்டும்படி நீரூற்றாக்கிவிட்டார்கள். வெயில் நாளில் குழந்தைகள் அதற்கடியில் ஆட்டம் போடும்.

கேள்வி: தியான் சந்த் விளையாடிய மைதானங்கள் இன்னும் இருக்கின்றனவா? அப்பாவுக்கு அவர் என்றால் பைத்தியம், ஒரு தடவையாவது கூட்டிப் போக ஆசை.

பதில்: மூன்று ஒலிம்பிக், மூன்று ஊர், மூன்றும் இருக்கின்றன. உங்கள் அப்பா கொடுத்துவைத்தவர்.

ஒன்றுதான் முடியும் என்றால் ஆம்ஸ்டர்டாம் கூட்டிப் போங்கள். 1928-ல் நெதர்லாந்தை அதன் சொந்த மண்ணில் 3-0 என்று தோற்கடித்து இந்தியா ஹாக்கியில் முதல் தங்கம் வாங்கியது அங்கேதான். அந்தத் தொடரில் தியான் சந்த் மட்டும் 14 கோல். செங்கல் ஸ்டேடியம், அளவில் சின்னது. வாசலில் ஒல்லியாக ஒரு கோபுரம் நிற்கும், ஒலிம்பிக் போட்டி நடக்கும்போது தீ எரிய வைக்கும் வழக்கமே அந்தக் கோபுரத்தில்தான் தொடங்கியது. இடித்துவிடலாம் என்று ஒரு காலத்தில் பேசினார்கள், ஊர்க்காரர்கள் சண்டை போட்டுக் காப்பாற்றியதால் நமக்குக் கிடைத்தது.

1932 என்றால் லாஸ் ஏஞ்சல்ஸ் கொலிசியம். அமெரிக்காவை 24-1 என்று அடித்த அதே மைதானத்தில்தான் 1984-ல் பி.டி. உஷா 400 மீட்டர் தடை ஓட்டத்தில் நொடியில் நூறில் ஒரு பங்கு வித்தியாசத்தில் வெண்கலத்தை விட்டார். இரண்டையும் நினைத்துக்கொண்டு நின்றால் சிரிப்பதா அழுவதா என்று தெரியாது. பெர்லினில் ஒரு எச்சரிக்கை: 1936 இறுதி ஆட்டம், ஜெர்மனியை 8-1 என்று வென்றது, பெரிய ஸ்டேடியத்தில் இல்லை. அதே வளாகத்தில் தனி ஹாக்கி மைதானம் இருக்கிறது. பெரிய ஸ்டேடியத்தின் புல்லைக் காட்டி ‘இங்கேதான் அப்பா’ என்று சொல்லிவிடாதீர்கள், அவர் கண்டுபிடித்துவிடுவார்.

கேள்வி: எட்டு வயது, பதினொரு வயது என்று இரண்டு வாண்டுகள். கல்லையும் மண்ணையும் காட்டினால் ரகளை செய்வார்கள்.

பதில்: மாண்ட்ரியால். 1976-ல் சைக்கிள் பந்தயம் நடந்த அரங்கத்துக்குள் இப்போது மழைக்காடும் பென்குவினும் இருக்கின்றன, பயோடோம் என்று பெயர். பக்கத்தில் சாய்ந்து நிற்கும் ஸ்டேடியக் கோபுரத்தைக் காட்டி, இந்த ஸ்டேடியத்துக்கு வாங்கிய கடனை அடைக்க 30 வருஷம் ஆனது என்று பெரியவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளலாம். லண்டன் ஒலிம்பிக் பூங்காவில் 178 மீட்டர் நீளச் சறுக்குக் குழாய் வைத்த இரும்புக் கோபுரம் ஒன்று உண்டு, பதினொரு வயதுக்கு அது.

கேள்வி: கைவிடப்பட்டுப் பாழடைந்த ஒலிம்பிக் மைதானங்களின் படங்கள் நிறையப் பார்க்கிறேன். அங்கெல்லாம் போக முடியுமா? நான் போட்டோகிராபர்.

பதில்: போஸ்னியாவின் தலைநகர் சரயேவோ பற்றித்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். 1984 குளிர்கால ஒலிம்பிக்குக்காக ட்ரெபெவிச் மலையில் கட்டிய பாப்ஸ்லெட் (பனிச்சறுக்கு வண்டிப் பந்தய) பாதை, காட்டுக்குள் வளைந்து வளைந்து போகும் கான்கிரீட் வாய்க்கால், இரண்டு பக்கமும் வண்ணக் கிறுக்கல். 2018-ல் கேபிள் கார் திரும்ப ஓடத் தொடங்கிய பிறகு மேலே போவது சுலபம். பாதைக்குள்ளேயே இறங்கி நடந்து வரலாம்.

படம் எடுப்பதற்கு முன்னால் ஒரு விஷயம். அந்த இடம் கவனிப்பாரில்லாமல் தானாகப் பாழானது இல்லை. 1992-ல் தொடங்கிய போரில் அந்த மலையிலிருந்துதான் ஊர் மேல் பீரங்கி அடித்தார்கள், இந்தப் பாதையே மறைவிடமாக இருந்தது. டார்வில்–டீன் ஜோடி பனிநடனத்தில் தங்கம் வாங்கிய ஸெட்ரா அரங்கம் பிணவறையாகி, அங்கே கழற்றிய மர இருக்கைப் பலகைகள் சவப்பெட்டியாயின. அரங்கத்தை ஒட்டிய மைதானம் இடுகாடானது. இதெல்லாம் நடந்தபோது அங்கே இருந்தவர்கள் உங்களுக்கு டிக்கெட் கொடுப்பவராகவோ, டாக்ஸி ஓட்டுபவராகவோ இருப்பார்கள். அதனால் ‘வாவ், என்ன ஒரு லொகேஷன்’ என்று சத்தமாகச் சொல்லாதீர்கள். கண்ணிவெடி புதைத்த மலைகள் அவை, நடைபாதையை விட்டுக் காட்டுக்குள் இறங்காதீர்கள், எவ்வளவு நல்ல வெளிச்சம் கிடைத்தாலும்.

கேள்வி: அம்மாவுக்கு முழங்கால் வலி, ஏறி இறங்க முடியாது. ஆனால் அவருக்கும் ஏதாவது ஒலிம்பிக் இடம் காட்ட வேண்டும்.

பதில்: ரோம் போனால் ஸ்டேடியத்துக்கே போக வேண்டாம். கொலோசியம் பார்க்க எப்படியும் போவீர்கள், பக்கத்திலேயே கான்ஸ்டன்டைன் வளைவு. 1960-ல் எத்தியோப்பியாவின் அபேபே பிகிலா வெறுங்காலோடு மாரத்தான் ஓடி முடித்தது அந்த வளைவின் கீழேதான், இரவு நேரத்தில், வழியெல்லாம் ராணுவ வீரர்கள் பந்தம் பிடித்து நிற்க. கடைசிக் கட்டத்தில் அவர் மற்றவரை விட்டுவிட்டு முன்னால் பாய்ந்தது ஆக்சும் தூண் நின்ற இடத்துக்குப் பக்கத்தில். இத்தாலிப் படை எத்தியோப்பியாவிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்த தூண் அது. இப்போது தேடினால் கிடைக்காது, 2005-ல் சொந்த ஊருக்குத் திரும்பிப் போய்விட்டது. அம்மாவை ஒரு நிழலில் உட்காரவைத்துவிட்டு இந்தக் கதையைச் சொல்லுங்கள், போதும்.

கேள்வி: போவதற்கு முன் கட்டாயம் பார்க்க வேண்டியது என்ன?

பதில்: முதலில், அந்த இடம் இருக்கிறதா என்று பாருங்கள். சிரிக்காதீர்கள். பாரிஸ் 2024-ல் ஈஃபல் கோபுரத்தடியில் பீச் வாலிபால் நடந்த அழகான அரங்கம் தற்காலிகமாகக் கட்டியது, அப்போதே பிரித்துவிட்டார்கள். தென்கொரியாவில் 2018 தொடக்க விழா நடந்த 35,000 பேர் அரங்கமும் அப்படித்தான். 1948-ல் இந்தியா ஹாக்கித் தங்கம் வாங்கிய லண்டனின் பழைய வெம்ப்லி ஸ்டேடியத்தை இடித்துவிட்டு அதே இடத்தில் புதிது கட்டியிருக்கிறார்கள். அடுத்தது, அன்றைக்கு மேட்ச்சோ கச்சேரியோ இருக்கிறதா என்று பார்ப்பது, என் கதிதான் மேலே படித்தீர்களே. கைடோடு போகும் சுற்று இருந்தால் அதையே எடுங்கள், உடை மாற்றும் அறையும் வீரர்கள் நுழையும் சுரங்கமும் அதில்தான் வரும். அப்புறம் நல்ல ஷூ. ஒலிம்பிக் பூங்கா என்பது லட்சக்கணக்கான ஜனம் ஒரே நாளில் நடமாடக் கட்டியது, வரைபடத்தில் அரை அங்குலம் தெரிவது நேரில் இருபது நிமிஷ நடை.

கேள்வி: ஹெல்சின்கி ஸ்டேடியக் கோபுரத்தின் உயரம் 72.71 மீட்டராம். அது என்ன கணக்கு?

பதில்: மட்டி யார்வினென் 1932 ஒலிம்பிக்கில் ஈட்டி எறிந்து தங்கம் வாங்கிய தூரம். பின்லாந்துக்காரர்களுக்கு ஈட்டி என்றால் அப்படி.

கேள்வி: வயது 61. ஒலிம்பியாவில் அந்த 192 மீட்டரை ஓடிப் பார்க்க வேண்டும் என்று ஆசை. பார்க்கிறவர்கள் சிரிப்பார்களா?

பதில்: அவர்களும் ஓடி முடித்து மூச்சு வாங்கிக்கொண்டுதான் நிற்பார்கள். காலையில் திறந்ததும் போய்விடுங்கள், கூட்டமும் இருக்காது, வெயிலும் ஏறியிருக்காது. தரை வெறும் மண், செருப்போடு ஓடாதீர்கள். இன்னொன்று, வெளியே வரும் வழி நீங்கள் புறப்பட்ட பக்கத்தில்தான் இருக்கிறது, ஓடிய தூரத்தைத் திரும்ப நடக்க வேண்டும். அதற்கும் கொஞ்சம் தெம்பு மிச்சம் வைத்துக்கொள்ளுங்கள்.